மூன்று ஆப்பிள், இரண்டு ஷில்லிங்



கூட்டம் தொடங்குமுன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் என்னிடம், "ஒரு மணி நேரம் பேச ஆப்பிள்ல என்னங்க இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. நமக்கு ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது வாங்கிப் போகிற பழம். மாம்பழக் கடையில் மல்கோவாவா, இமாம்பசந்தா, ருமானியா என்று கேட்ட பிறகுதான் விலை கேட்போம். ஆப்பிளை அப்படி யாரும் கேட்பதில்லை. சிவப்பாக இருந்தால் போதும்.

இன்று நான் பேச வந்திருக்கும் ஆப்பிள் சிவப்பானது அல்ல, இனிப்பானதும் அல்ல. லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது சமையலறைக் கூடையில் பெரிய பச்சைப் பழம் ஒன்று கிடந்தது. கழுவி ஒரு கடி கடித்தேன். பல் கூசிப் போய், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் ஓடி வந்து, "அப்பா, அது சமைக்கிற ஆப்பிள்!" என்று பிடுங்கிக்கொண்டாள். முப்பது வருடம் தோட்டக்கலை சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பழத்தின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கத்தில் தேடிப் படிக்கத் தொடங்கியதுதான் இன்றைய பேச்சு.

அதன் பெயர் பிராம்லி. முழுப்பெயர் பிராம்லீஸ் சீட்லிங். 'பிராம்லி வீட்டில் விதையிலிருந்து முளைத்த கன்று' என்று பொருள் கொள்ளலாம். இந்தப் பெயரில் ஒரு வழக்கு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பழத்தைப் பார்த்துவிடுவோம். கைக்குள் அடங்காத அளவு பெரியது. உருண்டையாக இருக்காது, கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் கோணலாக, மேலே மழுங்கிய புடைப்புகளுடன் இருக்கும். பச்சைத் தோல், வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் மங்கலான சிவப்புக் கீற்று. பறித்துச் சில வாரம் வைத்திருந்தால் தோலில் எண்ணெய் தடவியதுபோல ஒரு பிசுக்கு வரும். அழகுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். ஆனால் பிரிட்டனில் சமையலுக்கென்று விற்கிற ஆப்பிளில் ஏறக்குறைய 95 சதவீதம் இந்த ஒரே ரகம்தான்.

சமையலுக்கென்று தனி ஆப்பிளா என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு மாங்காயும் மாம்பழமும் ஒரே மரத்தின் இரண்டு பருவங்கள். புளிப்பு வேண்டுமென்றால் முன்னால் பறிப்போம், இனிப்பு வேண்டுமென்றால் காத்திருப்போம். ஆங்கிலேயர்கள் அந்த இரண்டையும் இரண்டு மரங்களாகவே பிரித்துவிட்டார்கள். கடித்துத் தின்பதற்கு ஒரு சாதி, வேகவைப்பதற்கு ஒரு சாதி. பிராம்லி இரண்டாவது சாதி. நன்றாக முற்றினாலும் அது மனத்தளவில் காய்தான்.

இதில் மாலிக் அமிலம் மிகுதி, சர்க்கரை குறைவு. சாதாரண இனிப்பு ஆப்பிளை வேகவைத்தால் வாசனை போய்ச் சப்பென்று ஆகிவிடும். பிராம்லியில் புளிப்பு அவ்வளவு இருப்பதால், சர்க்கரை கொட்டி வேகவைத்த பிறகும் ஆப்பிள் ஆப்பிளாகவே நிற்கும். இன்னொன்று, அது வேகும் விதம். துண்டுகள் துண்டுகளாக நிற்காது. பாத்திரத்தில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் நுரைபோலப் பொங்கிக் குழைந்துவிடும். பன்றி வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளும் ஆப்பிள் சாஸ், மாவு உறைக்குள் வைத்துச் சுடுகிற ஆப்பிள் பை, மேலே மாவு உதிர்த்துப் போட்டுச் சுடுகிற கிரம்பிள் எல்லாம் இதை நம்பித்தான். இன்னொரு முறையும் உண்டு. நடுவில் விதைப் பகுதியைக் குடைந்தெடுத்து, அந்தக் குழியில் சர்க்கரையும் உலர்திராட்சையும் திணித்து, முழுப் பழமாக அடுப்பில் சுடுவார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். மகள் செய்து கொடுத்தாள், முதல் கடியை மன்னித்துவிட்டேன்.

இனி ஊருக்குப் போவோம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்ஹாம்ஷயர் என்ற மாவட்டம். அதில் சவுத்வெல் என்ற சிற்றூர். ஊருக்கு மிஞ்சிய ஒரு பெரிய தேவாலயம் அங்கே நிற்கிறது, மின்ஸ்டர் என்பார்கள். அதன் மன்றக்கூடத்தில் 13-ஆம் நூற்றாண்டின் கல்தச்சர்கள் ஓக், மேப்பிள், திராட்சை, ஐவி என்று இலை இலையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எந்தச் செடியின் இலை என்று சொல்லக்கூடிய அளவுக்கு அச்சு அசலாக இருக்கும். நம் ஊர்ச் சிற்பி தாமரையைச் செதுக்கினால் அது எல்லாக் கோயிலிலும் ஒரே தாமரை. இவர்கள் வேலியில் இருந்த கொடியைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்கியதுபோல இருக்கிறது. கவிஞர் பைரன் இளவயதில் தாயுடன் இந்த ஊரில்தான் இருந்தார். 1809-இல் அவர் வெளிநாடுகளைச் சுற்றக் கப்பல் ஏறினார். அதே 1809-இல், பைரன் விட்டுவிட்டுப் போன ஊரில், சர்ச் தெருவில் ஒரு வீட்டில், மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற பெண் ஆப்பிள் விதைகள் சிலவற்றை ஒரு தொட்டியில் ஊன்றினார்.

ஏன் ஊன்றினார்? விளையாட்டுக்காக இருக்கலாம். வீட்டில் தின்ற பழத்தின் கொட்டையை நாமும் தொட்டியில் புதைத்ததில்லையா. முளைத்தது. தொட்டி கொள்ளாமல் போனதும் கொல்லையில் நட்டார்கள்.

இந்த இடத்தில் என் பழைய வகுப்பறை வழக்கப்படி ஒரு நிமிடம் கரும்பலகைக்குப் போகிறேன். ஆப்பிள் விதையை ஊன்றினால் அதே ஆப்பிள் வராது. ஆப்பிள் பூவுக்கு அதன் சொந்த மகரந்தம் பெரும்பாலும் சேராது. வேறு ரகத்து மரத்திலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் இரண்டு வேறு மரங்களின் கலப்பு. பத்து விதை போட்டால் பத்து விதமான மரம் வரும், அதில் ஒன்பது வாயில் வைக்க முடியாததாக இருக்கும். மேரி ஆன் ஊன்றியது ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்குப் பரிசு விழுந்தது. ஆனால் பரிசு விழுந்ததை அறிய அவர் அந்த வீட்டில் இல்லை.

1846-இல் வீடு கைமாறியது. வாங்கியவர் மேத்யூ பிராம்லி, கசாப்புக்கடைக்காரர். வீட்டோடு மரமும் வந்தது. அவர் விதை போடவில்லை, தண்ணீர் ஊற்றி வளர்க்கவும் இல்லை. கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து, 1856-இல், ஹென்றி மெரிவெதர் என்ற பையன் அவரிடம் வந்தான். வயது 17. அப்பா நர்சரி வைத்திருந்தார், பையனுக்கும் செடி கொடியில்தான் கண். அந்த மரத்துப் பழத்தைப் பார்த்துவிட்டு, ஒட்டுக் கட்ட உங்கள் மரத்தில் கொஞ்சம் குச்சி வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். பிராம்லி சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: பழத்துக்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டும்.

இதுதான் நான் சொன்ன வழக்கு. விதை போட்டவள் ஒருத்தி, பெயர் வாங்கியவர் இன்னொருவர். இந்தக் கதையைப் படிக்கிற எவருக்கும் முதலில் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஒரு பெண்ணின் கைராசியை ஒரு வீட்டுக்காரர் பத்திரத்தைக் காட்டிப் பறித்துக்கொண்டார் என்று என் குறிப்பேட்டில் எழுதியே வைத்திருந்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். பிராம்லி 'முடியாது போ' என்று சொல்லியிருக்கலாம். மரம் வயதாகிச் செத்திருக்கும், அந்தத் தெருவில் நாலு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு புளிப்பு ஆப்பிள் அதோடு போயிருக்கும். அப்படிப் போன ஆப்பிள்கள் எத்தனையோ. என்னைக் கேட்டால், பெயருக்கு உரிமை உள்ள மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்கவே இல்லை.

மெரிவெதர் செய்த வேலை என்ன? மரத்திலிருந்து பென்சில் தடிமன் உள்ள குச்சி. அதை வேறோர் ஆப்பிள் செடியின் அடித்தண்டில் சீவி, பட்டைக்குப் பட்டை பொருத்தி, கட்டுப் போடுவது. ஒட்டு மாங்கன்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். கீழே வேர்ச்செடி யாருடையதோ. மேலே வளர்வது முழுக்க அந்தத் தாய்மரம். அந்த மரத்தின் பிள்ளை என்று சொல்லிவிடாதீர்கள், அது அந்த மரமேதான். விதையில் வருவதுதான் பிள்ளை, ஒட்டில் வருவது அதே உடம்பின் இன்னொரு கிளை. ஒரு கிளை சவுத்வெல் கொல்லையில் இருக்கிறது, இன்னொரு கிளை ஐம்பது மைல் தள்ளி வேறொருவர் தோட்டத்தில் இருக்கிறது. இன்று உலகில் எங்கே பிராம்லி மரம் நின்றாலும் அது 1809-இல் தொட்டியில் முளைத்த அந்த ஒரே உடம்பு. வழியில் எங்காவது ஒரு கிளை கொஞ்சம் மாறியிருக்கலாம். தோல் முழுக்கச் சிவந்து காய்த்த அப்படியொரு கிளையிலிருந்து வந்ததுதான் கிரிம்சன் பிராம்லி. மற்றபடி ஒரே மரம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மெரிவெதரின் கணக்குப் புத்தகத்தில் 1862 அக்டோபர் 31-ஆம் தேதியில் ஒரு பதிவு இருக்கிறது. பக்கத்து ஊர் அப்டன் ஹாலைச் சேர்ந்த கூப்பர் என்பவருக்கு மூன்று பிராம்லி ஆப்பிள், இரண்டு ஷில்லிங். இந்தப் பெயரில் நடந்த முதல் விற்பனை என்று எல்லாப் புத்தகங்களும் இதைக் காட்டுகின்றன. மூன்று பழம் விற்றார் என்று எழுதுகிறார்கள்.

எனக்கு அந்த விலை உறுத்தியது. இரண்டு ஷில்லிங் என்றால் 24 பென்ஸ், ஒன்றுக்கு எட்டு பென்ஸ். 1860-களில் இங்கிலாந்துப் பண்ணைக் கூலியாளுக்கு ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் இரண்டு ஷில்லிங் தேறாது. மூன்று புளிப்புப் பழத்துக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் கொடுப்பாரா ஒருவர்? நம் ஊர் நர்சரி பில்லை எடுத்துப் பாருங்கள். 'பத்து மா, ஐந்து சப்போட்டா, இரண்டு எலுமிச்சை' என்றுதான் இருக்கும். பழமா விற்றார்? கன்று. நர்சரிக்காரன் பேச்சில் மரத்தின் பெயரே கன்றுதான். தேதியையும் கவனியுங்கள்: அக்டோபர் கடைசி. அங்கே இலை உதிர்ந்து, வெறும் வேரோடு கன்று பெயர்த்து நடுகிற பருவம் தொடங்குகிற நேரம். 1856-இல் குச்சி வெட்டியவருக்கு 1862-இல் விற்பனைக்குக் கன்று தயாராக இருந்திருக்கும். ஆகவே அந்த வரியில் இருப்பது மூன்று பழம் அல்ல, மூன்று கன்று என்பது என் ஊகம். புத்தகங்களை எதிர்த்துச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நர்சரிக் கணக்கு எழுதிய கை இது, எளிதில் விட்டுக்கொடுக்காது.

பழம் விற்றிருந்தால் கூப்பர் வீட்டில் ஒரு வேளை இனிப்போடு கதை முடிந்திருக்கும். கன்று விற்றார் என்றால் மரத்தையே விற்றார், மூன்று உடம்பாக. பழைய ரகம் ஒன்று பிழைத்துக் கிடப்பதற்கு யாரோ பக்தியோடு பாதுகாத்ததுதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிராம்லி பிழைத்தது, எட்டு பென்ஸுக்கு விற்றதால்.

பிறகு வேகம் பிடித்தது. 1876-இல் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் பழக்குழு முன்னால் மெரிவெதர் இதைக் கொண்டுபோய் வைத்துப் பாராட்டுப் பெற்றார். 1884-இல் அயர்லாந்தின் ஆர்மா பகுதிக்கு 60 கன்றுகள் போயின. ஆர்மாவில் அது எப்படி ஊன்றிக்கொண்டது என்றால், 2012-இல் 'ஆர்மா பிராம்லி' என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பிறந்த ஊருக்குக் கிடைக்காத பட்டம் போன ஊருக்கு! சவுத்வெல்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அறிய எனக்கு ஆசை. ஜப்பானில் நகானோ மாகாணத்து ஒபுசே என்ற ஊரிலும் பிராம்லி விளைகிறது.

மரத்துக்கு ஒரு கிறுக்கும் உண்டு. சாதாரண ஆப்பிளில் ஒரு செல்லுக்கு 34 குரோமோசோம், தாயிடமிருந்து 17, தகப்பனிடமிருந்து 17. பிராம்லியில் 51, மூன்று பதினேழு. எங்கோ ஒரு பக்கத்திலிருந்து இரட்டைப் பங்கு வந்துவிட்டது. இதனால்தான் மரமும் இலையும் பழமும் இவ்வளவு பெரிது. ஆனால் 51-ஐ இரண்டாகச் சரியாகப் பிரிக்க முடியாது, ஆகவே மகரந்தம் உருப்படியாக அமைவதில்லை. அது பிறரிடம் வாங்கும், பிறருக்குக் கொடுக்காது. பிராம்லி நடுகிற விவசாயி பக்கத்தில் இன்னொரு ரகம் நட வேண்டும். அந்த இன்னொரு ரகத்துக்கும் காய்ப்பு வேண்டுமென்றால் அதற்கு மகரந்தம் கொடுக்க மூன்றாவதாக ஒன்றும் நட வேண்டும். ஒரு மருமகள் வருவதற்காக வீட்டில் இரண்டு பேரைக் கூடுதலாகக் குடிவைப்பதுபோல.

நீங்கள் கடையில் வாங்குகிற எந்த ஆப்பிளுக்கும் இந்தப் புளிப்பனோடு ஓர் உறவு இருக்கிறது. ஆப்பிள் பறித்த பிறகும் மூச்சு விடும். மூச்சு விட விடப் பழுத்து அழுகும். கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சுற்றியுள்ள காற்றை மாற்றிப் பழத்தின் மூச்சைக் குறைக்கலாம் என்று கண்டார்கள். 1929-இல் கென்ட் மாவட்டத்தில் ஒரு பழத்தோட்டக்காரர் இதை நம்பிக் காற்றுப் புகாத அறை கட்டினார். கரியமில வாயுவைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சேரவிட்டு, உள்ளே வைத்தது 30 டன் பிராம்லி. வணிக முறையில் நடந்த முதல் சோதனை அது. இன்று அமெரிக்காவில் செப்டம்பரில் பறித்த ஆப்பிள் நம் ஊரில் சித்திரையில் மொறுமொறுவென்று கிடைக்கிறதென்றால், அந்த அறையின் வழிவந்த கிடங்குகள்தான் காரணம்.

தாய்மரம் என்ன ஆயிற்று? 1900-இல் புயல்காற்றில் சாய்ந்தது. முடிந்தது என்று நினைத்தார்கள். சாய்ந்த மரம் தரையில் கிடந்தபடியே புது வேர் விட்டு, மறுபடி மேலே கிளம்பியது. பிறகு நூறு வருடத்துக்கு மேல் காய்த்தது. 2009-இல் இருநூறாவது ஆண்டுக்கு மின்ஸ்டரில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் வைத்தார்கள். 2022-இல் எலிசபெத் அரசியின் எழுபதாம் ஆட்சியாண்டை ஒட்டிப் பிரிட்டன் முழுவதும் தேர்ந்தெடுத்த 70 பழம்பெரும் மரங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அதற்கு முன்பே நோய் வந்துவிட்டது. அடிமரத்தில் தேன் நிறத்தில் காளான் விடுகிற ஒரு பூஞ்சை வேருக்குள் புகுந்து தின்னத் தொடங்கியிருந்தது. அதற்கு மருந்து கிடையாது. அருகில் உள்ள நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகம் வீட்டையும் தோட்டத்தையும் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. நிதானமாகச் சாகவிடுவதைத் தவிரப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை.

உலகம் முழுக்க அதே உடம்பு இருக்கும்போது இந்த ஒரு கிழட்டுக் கட்டைக்கு ஏன் இத்தனை கவலை என்று நான் முதலில் நினைத்தேன். பதில் வேரில் இருக்கிறது. நர்சரியில் வாங்குகிற பிராம்லி எதுவும் சொந்தக் காலில் நிற்பதில்லை, வேறொரு செடியின் வேரில் நிற்கிறது. சொந்த வேரில் நின்ற பிராம்லி இந்த ஒன்றுதான். 1990-களில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்த மரத்தின் திசுவை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, ஒட்டுக் கட்டாமலே கன்றுகள் உண்டாக்கினார்கள். அவற்றை நட்டார்கள், அவை காய்த்தும்விட்டன. மேரி ஆனின் தொட்டியில் வேர்விட்டது எப்படியோ, அப்படியே மேலும் கீழும் முழுக்கப் பிராம்லி.

கேள்வி நேரத்தில் யாராவது கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பிராம்லிப் பழத்தின் விதையை இன்று ஒரு பெண் தொட்டியில் ஊன்றினால் என்ன ஆகும்? அந்த 51 அங்கேயும் குறுக்கே நிற்கும். பழத்தை அறுத்தால் பெரும்பாலும் சூம்பிய விதைகள்தான் கிடைக்கும். தேறியது ஒன்றிரண்டு முளைத்தாலும் வருவது பிராம்லி ஆகாது. பிராம்லியே ஒரு விதையிலிருந்து வந்த மரம்தான். ஆனால் அந்த வழியாகத் திரும்பிப் போவதற்கு அதற்குக் கதவு இல்லை. போக வேண்டுமானால் ஒரு கத்தியும் ஒரு கட்டும் கொண்டு யாராவது வர வேண்டும், வீட்டுக்காரர் சரி என்று சொல்லவும் வேண்டும்.